பன்னிரண்டு அடி தூரத்துக்கு ஒரு துவக்கு

பலூன் சுடும் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சுடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்கள். "அண்ணே, இந்தத் துவக்கு நேராச் சுடுமோ?" நேராகச் சுடும் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். சுடாது என்று சொன்னால் பக்கத்தில் இருக்கிற கச்சான் கடலைக் கடைக்குப் போய்விடுவார்கள். ஆகவே நான், "சுடுறவரைப் பொறுத்தது" என்பேன். இருபது வருடமாக இதே பதில்தான். கேட்டவருக்கு ரோசம் வந்து துவக்கை வாங்கிவிடுவார்.

உண்மையைச் சொல்வதானால் என் பழைய துவக்கு கொஞ்சம் வலப்பக்கம் இழுக்கும். அதை நான் செய்யவில்லை. ஒருமுறை மத்திய வீதியில் ஓட்டோவிலிருந்து சரிந்து விழுந்ததில் குறிமுனை வளைந்தது. நான் செய்த குற்றம் அதை நிமிர்த்தாமல் விட்டதுதான். மூன்றாவது தடவை வருகிற பெடியன்கள் இழுவையைக் கண்டுபிடித்து இடப்பக்கம் குறி வைப்பார்கள். அவர்களுக்குப் பரிசு கொடுப்பதில் எனக்குக் கஞ்சத்தனம் இருந்ததில்லை.

இது காற்றுத் துவக்கு. வெடிமருந்து கிடையாது. உள்ளே இருக்கும் சுருள்கம்பி விரிந்து காற்றைத் தள்ள, காற்று ஒரு பயற்றங்காய் விதையளவு ஈயச் சன்னத்தைத் தள்ளும். அவ்வளவுதான். ஆனாலும் அனுமதிக் கடிதம் வேண்டும், திருவிழாவுக்குத் திருவிழா பொலிசில் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் துவக்கு என்ற சொல்லைக் குரலைத் தாழ்த்திச் சொல்லிப் பழகிய ஊர் எங்களுடையது. ஒவ்வொரு முறையும் அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசையில் ஒட்டிவைத்துவிட்டுத்தான் கடையைத் திறப்பேன்.

கடை என்றால் கடையுமில்லை. நகரத்துக் கோயில் திருவிழாக்கள், சித்திரை வருடப் பிறப்பு விளையாட்டுகள், கிண்ணியாப் பக்கம் பெருநாள் சந்தை, சாம்பல்தீவில் ஒரு திருவிழா என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு மேசை. பன்னிரண்டு அடி தள்ளி ஆணிகள் அடித்த ஒரு பலகை. பலகைக்குப் பின்னால் தகரம், தகரத்துக்குப் பின்னால் இன்னொரு பலகை. நகரத்தில் போடும்போது, அங்கே தெருவில் மாடுபோலத் திரிகிற மான்கள் பின்பக்கம் வந்து காகிதப் பெட்டிகளை மெல்லும் என்பதால் அந்தப் பின்பலகையில் மட்டும் நான் சிக்கனம் பார்த்ததில்லை. பரிசுகள் சவர்க்காரம், பிளாஸ்டிக் கோப்பை, பிஸ்கற் பக்கற், மேல்வரிசை முழுவதையும் உடைப்பவருக்கு ஒரு வாளி. பலகைப் பக்கம் என் மனைவியின் ராச்சியம். மேசைப் பக்கம் என்னுடையது.

எங்கள் கடையில் வாடிக்கையாளர் துவக்கில் சன்னம் போட முடியாது. அது நான் வகுத்த சட்டம். துவக்கின் நடுவில் குழலை மடித்து இழுக்க வேண்டும். இழுக்கும்போது உள்ளே சுருள்கம்பி நெரிந்து 'கடக்' என்று பூட்டிக்கொள்ளும். சன்னத்தை வைத்து, குழலை மூடி, வாய் பலகையைப் பார்க்கத்தக்கதாக அவர் கையில் கொடுப்பேன். ஒரு சூட்டுக்கு ஒரு மடிப்பு. நல்ல திருவிழா நாளில் முந்நூறு மடிப்பு. வாலிபத்தில் இது ஒரு வித்தை மாதிரி இருந்தது. இடது கையால் பிடித்து வலது கையால் ஒரே இழுப்பு. சனம் பார்க்கிறது என்று தெரிந்தால் இன்னும் வேகமாக இழுப்பேன். எனக்கு அந்தப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

பிறகு சீனி வருத்தம் வந்தது. அதன் பின்னால் தோள் வந்தது. வலது தோள்மூட்டு மெல்ல மெல்ல இறுகி, சட்டை போடுவதற்கே மனைவியைக் கூப்பிடவேண்டிய நிலை. கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர் என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்றீங்க ஐயா?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அந்த இழுவை வேலையைக் குறைக்கவேணும். இல்லாட்டி இந்தக் கை தலைக்கு மேல எழும்பாது" என்றார். அதே மாதம் பழைய துவக்கின் சுருள்கம்பியும் உள்ளே இரண்டாக உடைந்தது. தோளும் துவக்கும் பேசி வைத்துக்கொண்டதுபோல் இருந்தது எனக்கு.

ஆகவே இரண்டே வழி. கடையை மூடுவது, அல்லது என் தோளுக்கு ஏற்ற துவக்கு ஒன்றைத் தேடுவது. மூடினால் பட்டினி கிடக்கப்போவதில்லை. சைக்கிள் திருத்தும் வேலை எனக்குத் தெரியும். ஆனால் சனத்துக்கு முன்னால் நின்று பழகியவன், வீட்டு வாசலில் ரியூப் ஒட்டிக்கொண்டு காலம் தள்ளுவதை நினைத்தால் பயமாக இருந்தது. உண்மையான பயம். நான் அதை அவளிடம் சொல்லவில்லை. ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மாதம் அந்தக் கொப்பியோடு குடித்தனம் நடத்தினேன். "பொம்பிளை பாக்கப் போன நேரம்கூட நீங்கள் இவ்வளவு யோசிக்கேல்லையே அப்பா" என்று அவள் சொன்னாள். "யோசிச்சிருந்தா உன்னைக் கட்டியிருக்கமாட்டன்" என்றேன். "கட்டாமல் விட்டிருந்தா நான் தப்பியிருப்பன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். வீட்டில் அவள் நாக்குக்கு ஈடுகொடுக்க யாராலும் ஏலாது.

யோசிக்க யோசிக்கத்தான் தெரிந்தது, துவக்கில் எந்த நன்மையும் தனியே வராது என்று. மடிக்க இலகுவாக இருக்கவேண்டுமா? குழல் நீளமாக இருக்கவேண்டும். நீளமான கம்பியால் கல்லைப் புரட்டுவதற்குக் குறைந்த பலம் போதும், அதே கணக்கு. ஆனால் குழல் நீண்டால் முன்பக்கம் பாரம் கூடும். பாரமான துவக்கைப் பெண்கள் தூக்கிப் பிடிக்கத் தயங்குவார்கள், முனை ஆடும், இரண்டு சூட்டில் அலுத்துப் போவார்கள். குட்டைக் குழல் என்றால் கைக்கு அடக்கம், ஆனால் அதை மடிக்க எனக்கு இரண்டு தோள் வேண்டும். இருப்பதோ ஒன்றரை.

வேகத்தைப் பற்றி விற்கிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பன்னிரண்டு அடியில் தொங்கும் பலூனுக்கு எதற்கு வேகம்? வேகம் கூடினால் பின்பலகையும் தடிப்பாக வேண்டும், தடித்த பலகையை ஓட்டோவில் ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டும். அதோடு பலம் கூடிய சுருள்கம்பி துவக்கை உதறும். முதல்முறை பிடிப்பவர் கன்னத்தில் இடி வாங்குவார்.

பிடிக்கட்டை மரமா, கறுப்புப் பிளாஸ்டிக்கா என்பது இன்னொரு வழக்கு. கடற்காற்றுக்குப் பிளாஸ்டிக்தான் நல்லது. மரம் மாரியில் ஊதும், கோடையில் வெடிக்கும், எண்ணெய் பூசிக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் ஒருமுறை என் துவக்கு பழுதாகி, தெரிந்தவர் ஒருவரிடம் கறுப்பு நிறத்தில் ஒன்று இரவல் வாங்கி வைத்தேன். இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒரு தாய் மேசைக்குப் பக்கத்தில் வந்தவள், அதைக் கண்டதும் பிள்ளைகளின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினாள். அன்றைக்கே அதை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்தேன். சத்தமும் அப்படித்தான். பலூன் உடைகிற சத்தத்தோடு கலந்துபோகிற அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் ஐம்பது வயதைக் கடந்தவர்களின் தலை தானாகக் குனியும். நான் பார்த்திருக்கிறேன். என் தலையும் குனிந்திருக்கிறது.

மூன்றாவது வகை ஒன்று உண்டு என்று எனக்குச் சொன்னவர் கிண்ணியாவைச் சேர்ந்த நானா. வாலிபத்தில் சங்கு குளித்த சுழியோடி. இப்போது உப்புவெளிக் கடற்கரையில் சுற்றுலாக்காரர்களுக்குச் சுழியோடும் சிலிண்டர்களில் காற்று நிரப்பிக் கொடுக்கிறார். பழைய துவக்கைப் பூட்டிவைத்த கையோடு அவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் சிலிண்டர் ஒன்றை உப்புத் தண்ணீர் போகக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, காத்து அடைச்ச துவக்கு இருக்கு, தெரியாதா? குழலுக்குக் கீழ ஒரு சின்னப் போத்தல் இருக்கும். சிலிண்டர்ல இருந்து அதுக்குக் காத்தை ஏத்தினாச் சரி. மடிக்கிற வேலையே இல்ல. பூட்டை விரலால இழுத்து விட்டா அடுத்த சூடு. காத்து நான் தாறன்."

"அப்ப சிலிண்டரையும் சுமந்துகொண்டு திரியவேணும்?"

"ஓம். அது திரியத்தான் வேணும்."

கொப்பியில் அந்தத் துவக்குக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். மடிப்பு இல்லை, உதறல் இல்லை, என் தோளுக்குச் சொர்க்கம். ஆனால் சத்தம் 'சட்' என்று கூர்மையாக இருக்கும் என்றார் நானா. சிலிண்டர் பாரம். மாரி தொடங்கினால் கடல் குழம்பும், சுற்றுலாக்காரர் வரமாட்டார்கள், காற்று நிரப்புகிற நானாவின் கொம்பிறசரும் தூங்கிவிடும். உதறாத துவக்கு நேராகவும் சுடும். நேராகச் சுட்டால் வாளிகள் எல்லாம் ஒரே மாலையில் போய்விடும். அதோடு மேசைக்குப் பக்கத்தில் சிலிண்டரை நிறுத்தினால் கடை ஆஸ்பத்திரி வாட்டு மாதிரி இருக்கும். மூன்று நன்மைக்கு ஐந்து குறை. அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டேன். இப்போது யோசித்தால், நன்மைகளின் பக்கத்தில் நான் எழுதிய மூன்றும் என்னைப் பற்றியவை.

நீளக் குழல், மரப்பிடி, மென்மையான சுருள்கம்பி என்று முடிவு செய்துகொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறினேன். புறப்படும்போது அவள் சொன்னாள். "அங்க வச்சு அம்பது தரம் மடிச்சுப் பாருங்கோ. ஒருக்கா மடிச்சுப்போட்டு நல்லாயிருக்கெண்டு தூக்கிக்கொண்டு வந்திராதேங்கோ. ஊதுற சங்கை நான் ஊதிப்போட்டன்."

கடைக்காரர் மரியாதையான மனிதர். தமிழும் சிங்களமும் கலந்து கதைத்தார். கதிரை போட்டு உட்கார வைத்தார். நான் கேட்ட மாதிரியே ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். வழவழப்பான மரப்பிடி, நீளக் குழல். மடித்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது. இன்னொருமுறை மடித்தேன். அதற்குள் பிளேன்டீ வந்துவிட்டது, இஞ்சி போட்டு. எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. கடைக்காரர் தேத்தண்ணி தந்துவிட்டால் அதற்குப் பிறகு பொருளை அதிகம் சோதிக்க வெட்கம் வரும். அந்த மனிதரின் முகத்துக்கு நேரே ஐம்பது தடவை மடிப்பதா? பின்னால் இரண்டுபேர் காத்து நிற்கிறார்கள். அவர் என்னைச் சந்தேகப் பிராணி என்று நினைக்கமாட்டாரா? அவருடைய நல்லெண்ணத்தை நான் ஏன் கெடுக்கவேண்டும்? கோப்பையை வைத்துவிட்டு, "இதைக் கட்டித் தாங்கோ" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள், "எத்தினை தரம் மடிச்சனீங்கள்?" நான் துவக்கின் அழகைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

அந்த வருடத் திருவிழா பத்து நாள். முதல் நாள் எனக்கு வாலிபம் திரும்பிவிட்டது. புதுத் துவக்கின் 'கடக்' சத்தம் அவ்வளவு இனிமை. இரண்டாம் நாள் நூற்றைம்பதாவது மடிப்புக்குப் பிறகு தோளுக்குள் யாரோ நகத்தால் கீறுவதுபோல் இருந்தது. கடையில் வைத்து ஒருமுறை மடிக்கும்போது வெண்ணெயாக இருந்தது நூற்றைம்பதாவது தடவை கல்லாக இருந்தது. மூன்றாம் நாள் பின்னேரம், கூட்டம் திரண்டு நிற்கிற நேரம், குழலைப் பாதி மடித்த நிலையில் என் கை நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வரிசையில் முதலாவதாக நின்ற கட்டையான மனிதர், "என்ன அண்ணே, துவக்கு சிக்கிட்டுதோ?" என்று கேட்டார். சிக்கியது துவக்கு இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. வலியைவிட வெட்கம்தான் அதிகம்.

அவள் பலகைப் பக்கத்திலிருந்து வந்தாள். துவக்கை என் கையிலிருந்து வாங்கினாள். பிடிக்கட்டையை இடுப்பில் ஊன்றி, சேலையை ஒருபக்கம் ஒதுக்கி, உடம்பு முழுவதையும் சேர்த்து ஒரு அழுத்து. கடக். சன்னத்தை வைத்து மூடி அந்த மனிதரிடம் நீட்டினாள். கையால் இழுக்கவே இல்லை. இருபது வருடம் நான் தோளால் செய்த வேலையை அவள் இடுப்பால் செய்தாள். கூட்டம் 'ஓ' என்று சத்தம் போட்டது. அவள் என்னைப் பார்த்துப் பலகைப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே போய் இரு என்று அர்த்தம்.

போய் உட்கார்ந்தேன். பலூன் பை மடியில். ஊதத் தொடங்கினேன்.

இங்கே எங்கள் கடையின் இன்னொரு சட்டத்தைச் சொல்லவேண்டும். அதுவும் நான் வகுத்ததுதான். பலூனைப் பம்பால் ஊதக் கூடாது. பம்பால் ஊதினால் பலூன் இறுகிப்போகும், சன்னம் பக்கத்தால் போனாலே வெடித்துவிடும். வாயால் ஊதினால்தான் அளவு வரும். ஒரு தேங்காயைவிடச் சற்றுப் பெரிது, தொட்டால் குழைகிற பதம். அப்போதுதான் நடுவில் பட்டால் மட்டும் உடையும். ஆரம்ப காலத்தில் அவள் ஒரு சின்னப் பம்பு வாங்கி வந்தாள். நான்தான் வேண்டாம் என்று சொல்லி அதைச் சைக்கிள் வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாவது பலூனில் கன்னம் இரண்டும் நொந்தது. ஒன்பதாவதில் காதுக்குள் அடைத்தது. பதின்மூன்றாவது பலூனை ஊதும்போது பலகையும் தகரமும் மெல்லச் சுற்றத் தொடங்கின. கண்ணுக்கு முன்னால் சின்னச் சின்ன வெளிச்சங்கள். தலையைக் குனிந்து முழங்காலுக்குள் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் 'கடக்', 'டப்', 'கடக்', 'டப்' என்று போய்க்கொண்டே இருந்தது. ஆணிகள் வெறுமையாகிக்கொண்டு வந்தன. பதின்மூன்று. அவள் ஒரு நாளைக்கு எத்தனை ஊதுவாள்? அன்றுதான் வாழ்க்கையில் முதல்தடவையாக அதை யோசித்தேன்.

அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. அது எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு வருடமாகப் பணப்பைக்குள் அந்த நீல மருந்துக் குழலை வைத்திருக்கிறாள். கிளினிக் நாளில் நானே சைக்கிளில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். திருவிழா முடிந்து வந்த நாட்களில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்து இருப்பாள். மைதானத்துப் புழுதி என்று நான் சொன்னேன். கடற்காற்று என்று சொன்னேன். "மூக்கு உள்ள மட்டும் சளி இருக்கும்" என்றுகூட ஒருநாள் சொல்லியிருக்கிறேன். என் தோளுக்கு மூன்று மாதம், ஒரு கொப்பி, கொழும்புப் பயணம். அவளுடைய நெஞ்சுக்கு ஒரு பழமொழி.

அன்றைக்கு நேரத்தோடு கடையைக் கட்டினோம். பலகையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"இவ்வளவு கஷ்டமெண்டு நீ ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னனான்."

"எப்ப?"

"பம்பு வாங்கிக்கொண்டு வந்தனான்தானே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆணிகளை எண்ணி டப்பாவுக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

மிச்ச ஏழு நாளையும் அவள் இடுப்பாலும் என் கைப்பம்பாலும் ஒருமாதிரி ஒப்பேற்றினோம். பலூன்கள் இறுகின, நிறைய உடைந்தன, வாளிகள் போயின. போகட்டும். பிறகு கொப்பியைத் திரும்ப எடுத்தேன். கோடு போட்டு வெட்டிய பக்கத்தை விரித்தேன். அதே பாரம், அதே சத்தம், அதே மாரி. ஒன்றும் மாறவில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் நான் முன்பு வைக்காத ஒன்றை வைத்துப் பார்த்தேன். சிலிண்டரில் இருப்பது காற்று. பலூனுக்குள் போவதும் காற்று. இது ஒரு பெரிய கண்டுபிடிப்பு இல்லை. ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். என் தோளை மட்டும் தராசில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் உட்கார்ந்திருந்தவனுக்கு அது தோன்றவில்லை.

நானாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், பதின்மூன்றாவது பலூன் உட்பட. அவர் சிரிக்கவில்லை. சங்கு குளித்தவருக்கு மூச்சு என்றால் என்னவென்று தெரியும்.

"ஒரே சிலிண்டர்ல ரெண்டு வேலையும் பாக்க ஏலாது அண்ணே" என்றார். "பலூனுக்கு எடுக்க எடுக்க அமுக்கம் குறையும். பின்னேரமாகுறப்ப துவக்குக்குக் காத்து ஏறாது. ஆனா ஒண்டு செய்யலாம். வெள்ளைக்காரர் கடலுக்குள்ள இருந்து மேல வாறப்ப சிலிண்டர்ல கால்வாசிக் காத்து மிச்சம் இருக்கும். அதை நாங்க சும்மா திறந்து விட்டுட்டுத்தான் திரும்ப நிரப்புவம். அந்த மிச்சம் துவக்குக்குக் காணாது. பலூனுக்குத் தாராளம்."

அப்படித்தான் இரண்டு சிலிண்டர்கள் எங்கள் கடைக்கு வந்தன. ஒன்று நிரம்பியது, துவக்குக்கு. மற்றது யாரோ ஒரு சுற்றுலாக்காரர் சுவாசித்து மிச்சம் விட்டது, பலூனுக்கு. நானா பழைய ரப்பர் குழாய் ஒன்றில், அழுத்தினால் மட்டும் காற்று விடுகிற முனையைப் பொருத்தி, அமுக்கத்தைக் குறைக்கிற கருவியோடு சேர்த்துத் தந்தார். விரலை எவ்வளவு நேரம் வைப்பது என்பதை அவள் அரை மணித்தியாலத்தில் பழகிவிட்டாள். தேங்காயைவிடச் சற்றுப் பெரிது, தொட்டால் குழைகிற பதம். பம்பால் வராது என்று நான் இருபது வருடம் சொன்ன அளவு சரியாக வந்தது.

கொழும்புக் கடைக்காரர் அதே மரியாதையோடு என் நீளக் குழலைத் திரும்ப எடுத்துக்கொண்டு காற்றுப் போத்தல் துவக்கை மாற்றித் தந்தார். இந்தமுறையும் இஞ்சிப் பிளேன்டீ வந்தது. இந்தமுறை அவளும் வந்திருந்தாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சுட்டுப் பாப்பம்" என்று சொல்லி நாற்பது சன்னம் சுட்டுப் பார்த்தாள். நான் வெட்கத்தில் வெளியே போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சும்மா சொல்லக் கூடாது, நான் பயந்த ஐந்து குறைகளில் ஒன்றும் பொய்யில்லை. சிலிண்டர் பாரம்தான். ஓட்டோவில் எனக்கு இடமில்லாமல் போய், சில நாள் பஸ்ஸில் பின்னால் போகிறேன். சத்தத்துக்கு, துவக்கில் பலத்தைக் குறைக்கிற திருகு ஒன்று இருந்தது. கடைசிவரை குறைத்து வைத்திருக்கிறேன். சத்தமும் குறைந்தது, ஒரு தடவை நிரப்பினால் சுடும் எண்ணிக்கையும் கூடியது. துவக்கு மிக நேராகச் சுடுகிறது என்பதற்கு, பலூன்களை ஆணியில் இறுக்காமல் நூலில் தொங்கவிட்டோம். துறைமுகப் பக்கத்துக் காற்று ஆட்டுகிறது. ஆடுகிற பலூனை உடைக்கிறவர் வாளிக்குத் தகுதியானவர்தான். மாரிக்கு மருந்து இல்லை. அந்த நான்கு மாதமும் கடை இல்லை, சைக்கிள் வேலைதான். அது நான் நினைத்த அளவுக்குப் பயங்கரமாகவும் இல்லை.

புதுத் துவக்கை முதல்முதல் விரித்தது கிண்ணியாப் பக்கம் பெருநாள் சந்தையில். பின்னேர வெயில் சாய்ந்திருந்தது. எனக்கு வேலை மிகவும் குறைந்துபோயிருந்தது. பூட்டை ஒரு விரலால் இழு, சன்னத்தை வை, தள்ளு, கொடு. தோள் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது ஒரு குரல் கேட்டது.

"வாங்கோ தம்பி, வாங்கோ! புது உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு ஏன் தூரத்தில நிக்கிறீங்கள்? பலூன் கடிக்காது. உங்கட கூட்டாளிமார் எல்லாம் கை நடுங்கிப் போயிட்டாங்கள், நீங்களாவது ஒண்டை உடைச்சுப்போட்டுப் போங்கோ!"

கூட்டம் சிரித்தது. அந்த இளைஞனும் சிரித்துக்கொண்டே வந்து துவக்கை வாங்கினான். தவறவிட்டான். "பரவாயில்ல, காத்து உங்களுக்குப் பயந்து பலூனைத் தள்ளிப்போட்டுது" என்றாள் அவள். மறுபடியும் சிரிப்பு. கச்சான் கடையில் நின்றவர்கள்கூடத் திரும்பி எங்கள் பக்கம் வந்தார்கள். அவள் ஒரு கையால் பலூனை நிரப்பிக்கொண்டே அவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை வைத்திருந்தாள். நான் துவக்கோடு அப்படியே நின்றேன்.

இருபது வருடத்தில் கடையில் அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. வீட்டில் அப்படிப் பேசுகிறவள் சனத்துக்கு முன்னால் கூச்சப்படுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். கேட்டவர்களுக்கு அப்படித்தான் சொல்லியுமிருக்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட. சன்னத்தைத் தேடுவதுபோல் குனிந்து கொஞ்ச நேரம் மேசைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா?" என்று கேட்டாள்.

"இல்ல. கடையில நீ இப்பிடிக் கதைப்பாயெண்டு எனக்குத் தெரியாது."

அவள் பலூனின் கழுத்தை முடிச்சுப் போட்டு நூலில் கட்டினாள்.

"வாயில பலூனை வச்சுக்கொண்டு எப்பிடியப்பா கதைக்கிறது?" என்றாள். பிறகு வரிசையில் அடுத்து நின்றவரைக் கூப்பிடத் தொடங்கினாள்.